ஐயாவுக்கு ரெண்டு சூரியன்

படத்தில் இருப்பவர் செத்துப்போனவர் என்பதையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டு, அவருடைய மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று முதலில் பார்க்கிற ஒரு பெண்ணோடு ஆறு வருடம் ஒரே அறையில் வேலை செய்திருக்கிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. என் பெயரையும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைவிட நான்கு வயதுதான் இளையவர். ஆனாலும் வேலைக்கு வந்த முதல் நாளே "அண்ணை" என்று கூப்பிட்டு விஷயத்தை முடித்துவிட்டார்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வோபர்ன் பகுதியில், ஒரு பல் வைத்தியருக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்த அச்சகம் அது. முன்பக்கம் கலியாணக் கார்ட், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக் கார்ட். பின்னறையில் நாங்கள் இரண்டு பேரும் கல்வெட்டுச் செய்வோம். யாழ்ப்பாணத்தாருக்குக் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. ஆள் செத்த முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிற சின்னப் புத்தகம். முதல் பக்கத்தில் படம். பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி. படம் அவர் பொறுப்பு. புலம்பல் என் பொறுப்பு. இந்த நகரத்தில் எத்தனையோ விதவைகளின் பெயரில் நான் அழுதிருக்கிறேன். மருமகள் புலம்பல் எழுதும்போதுதான் கற்பனை கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "வெளிச்சம் எங்காலை வருது?"

படத்தைக் கொண்டு வருகிறவர்களிடம் அதைக் கேட்பார். புதிதாக ஒரு வீட்டுக்குள் போனால் செருப்பைக் கழற்றமுன்னமே மேலே பார்த்துக் கேட்பார். என் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது குசினி விளக்கின் கீழ் நின்ற என் மனைவியிடம், "அக்கா, உதிலை நிண்டு படம் எடுக்காதேங்கோ. கண் ரெண்டும் குழியாப் போகும்" என்றார். மனைவி ஒரு கிழமை அந்த விளக்கைப் போடவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டோடு கோது உடைக்காத அவித்த முட்டை ஒன்று கொண்டுவருவார். அதை ஒரு போத்தல் மூடியில் நிமிர்த்தி வைத்து, சின்ன ரோச் லைற் ஒன்றை அதைச் சுற்றிச் சுற்றிப் பிடிப்பார். கணினியில் இருக்கிற முகத்தில் நிழல் எப்படி விழுந்திருக்கிறதோ அதேபோல முட்டையிலும் விழும்வரை விடமாட்டார். விழுந்ததும் ரோச் நிற்கிற இடத்தைப் பார்த்து, "ஆ, இஞ்சைதான் யன்னல் இருந்திருக்கு" என்பார். பிறகு அந்த முட்டையை உரித்து மிளகுதூள் போட்டுச் சாப்பிடுவார். சோறு, கறி, வடை எல்லாம் என்னோடு பங்குபோடுகிறவர், முட்டையை மட்டும் ஒருநாளும் தந்ததில்லை.

"ஏன் முட்டை?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அதாலை பொய் சொல்லத் தெரியாது" என்றார்.

ஒருநாள் ஒரு மகன் மூன்று படங்களோடு வந்தார். தகப்பனின் முகம் சிற்றிசன் கார்ட்டுக்கு எடுத்த படத்தில் இருந்தது. கோட் கொழும்பில் யாருடையதோ கலியாணத்தில் போட்டது. பின்னால் வைக்க நயாகரா. மூன்றையும் ஒட்டி, முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொன்னார். எங்கள் கடையில் இது புதிதல்ல. இவர் வேலைக்கு வரமுன்னம் அந்தக் கதிரையில் இருந்தவர் அரை மணித்தியாலத்தில் செய்து கொடுத்திருப்பார். இவர் கணினியை மகன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, இஞ்சை பாருங்கோ. முகத்திலை வெளிச்சம் இடப்பக்கத்தாலை வருது. கோட்டிலை வலப்பக்கத்தாலை வருது. ஐயாவுக்கு ரெண்டு சூரியனோ?"

"அன்ரி, உதை ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாத்திட்டன்."

மகன் முறைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து போனில் ஒரு படத்தோடு திரும்பி வந்தார். தகப்பன் யன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் இருட்டு. இவர் அந்த இருட்டில் கை வைக்கவே இல்லை. ஓரத்தில் தெரிந்த வெங்காயத்தை மட்டும் வெட்டிவிட்டார். கல்வெட்டு வந்த அன்று அந்த வீட்டம்மா போன் பண்ணி, "இவர் உப்பிடித்தான் இருந்தவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

என் புலம்பல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. "அண்ணை, நீங்கள் எழுதுற எல்லா ஐயாமாரும் ஏன் ஒரே ஐயாவா இருக்கினம்? எல்லாரும் பொறுமைசாலி, எல்லாரும் கொடையாளி. ஒருத்தராவது கோவக்காரர் இல்லையோ?"

"செத்தவரைப் பற்றிக் குறை எழுதுறதே?"

"குறை எழுதச் சொல்லேல்லை. நிழல் இல்லாட்டி முகம் தட்டையாப் போகும் எண்டு சொல்லுறன்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குக் காரணம் அவரல்ல. கல்வெட்டு என்ற சொல்லே எனக்கு ஒரு முள். அவர் வேலைக்கு வரமுன்னம், என் அம்மாவின் கல்வெட்டை நான்தான் அந்த மேசையில் செய்தேன். மருமக்கள் பட்டியலில் என் அண்ணனின் மனைவியின் பெயர் இல்லாமல் அச்சாகிவிட்டது. அண்ணன் விரும்பிக் கட்டியவர். அம்மா கடைசிவரை அவர் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. காரணம் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முப்பத்தோராம் நாள் அண்ணன் புத்தகத்தை விரித்தார், மூடினார், அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனார். தெரியாமல் விடுபட்டது, அச்சுப் பிழை என்று எல்லோருக்கும் சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. மில்லிக்கனில் இருந்த அவர் வீடு காரில் கால்மணி நேரம். பதினொரு வருடம் நான் போகவில்லை, அவரும் வரவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவரிடம் திரும்புகிறேன்.

அவர் இளவாலைப் பக்கத்துக் கத்தோலிக்கர். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்கு வருவார். என் நெற்றியில் தினமும் இருப்பதும் சாம்பல்தான் என்று கேலி செய்வேன். "நீங்கள் தினமும் பூசிப் பூசி மறந்துபோனியள். நாங்கள் வருசத்துக்கு ஒருக்காப் பூசுறதாலை பயந்துபோறம்" என்பார். அவருக்கு ரிச்மண்ட் ஹில் கோயிலில் தீபாராதனை பார்க்க ஆசை. கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடியபோது அவர் மட்டும் கண்ணை அகல விரித்து, ஐயரின் கை போகிற பக்கமெல்லாம் கருங்கல்லில் வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். காருக்குள் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

"உங்கடை ஐயர் விளக்கைத் தூக்கிக் காட்டித்தான் சாமியைக் காட்டுறார். எங்கடை சாமியைப் படமாக் கீறின பழைய ஆக்கள் விளக்கை ஒளிச்சுப்போட்டுச் சாமியைக் காட்டினவை. வாங்கோ, ஒருநாளைக்குக் காட்டுறன்."

அந்த ஒருநாள் ஒரு மாசி மாதத்துப் பின்னேரம். நகரத்துக்குள் இருக்கும் ஓவியக்கூடத்தில் கிழமையில் ஒரு மாலை கட்டணம் இல்லை. பஸ், சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார் என்று இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பெரிய பெரிய படங்களை எல்லாம் திரும்பிப் பார்க்காமல் கடந்து, ஒரு மூலை அறைக்குப் போனார். அங்கே ஒரு கதவளவு கறுப்பு. அதைப் படம் என்று கண்டுகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்தியது. கீறியவர் யாரென்று தெரியாது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. ஒரு கிழவர், துறவி. தோளில் சிவப்புத் துணி. மேசையில் ஒரு மண்டையோடு. அவர் முகமும் கையும் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன, மிச்சமெல்லாம் இருட்டு.

"வெளிச்சம் எங்காலை வருது?" என்றார்.

தேடினேன். மேலே யன்னல் இல்லை. தீபம் இல்லை. இடம் வலம் பார்த்தேன். படத்துக்கு வெளியே கூரையைக்கூடப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"மண்டையோட்டுக்குப் பின்னாலை. மெழுகுதிரி அங்கைதான் நிக்குது. ஓரத்திலை ஒரு மெல்லிய மஞ்சள் கோடு தெரியுதே?"

தெரிந்தது. அதன்பிறகு அந்த மெழுகுதிரியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அது படத்தில் எங்குமே இல்லாதபோதும்.

"ஏன் உதைப் போய் மறைச்சவன்?"

"திரியைக் காட்டியிருந்தால் நீங்கள் திரியைத்தான் பாத்திருப்பியள். இப்ப முகத்தைப் பாக்கிறியள்." கொஞ்சம் முன்னால் குனிந்தார், காவலுக்கு நின்ற பெண் பின்னால் போகச் சொல்லிக் கையால் காட்டினார். நாளாந்தம் நடக்கிறதுபோல இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். "எங்கடை பக்கத்தாலை பாத்தால் சாவு கறுப்பு. அவர் இருக்கிற பக்கத்தாலை பாத்தால் அதிலை வெளிச்சம் விழுந்திருக்கு. ஒரே மண்டையோடுதான். எங்கை நிண்டு பாக்கிறம் எண்டதுதான் விஷயம்."

"உதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இருந்து பாத்தனான்."

திரும்பி வரும் வழியில்தான் சொன்னார். அவருடைய கணவர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான்கு மாதம் கிடந்தாராம். வெளியே நடந்தால் குளிர். ஒருநாள் கட்டணமில்லை என்று எழுதியிருக்கக் கண்டு, சூட்டுக்காக உள்ளே போனாராம். உட்கார வாங்கு போட்டிருந்த அறை அது ஒன்றுதானாம். நான்கு மாதம், கிழமைக்கு ஒருநாள், அந்தக் கிழவருக்கு முன்னால் இருந்தாராம், உள்ளே வடை சாப்பிட விடாத கவலை மட்டும்தான் தனக்கு என்றார். கணவர் செத்தபோது கல்வெட்டு எங்கள் கடையில்தான், எத்தனையோ புத்தகங்களில் ஒன்றாக எனக்கு அது நினைவில் இல்லை. படத்தில் ஆளை வெள்ளையடித்து, சுருக்கமெல்லாம் எடுத்து, உதட்டுக்குப் பஞ்சுமிட்டாய்ச் சிவப்பும் போட்டிருந்தார்கள். "மனுசனைத் தும்புமுட்டாசாக்கிப் போட்டாங்கள்" என்று சண்டைக்கு வந்தவரிடம் முதலாளி, "அப்ப நீங்களே செய்யுங்கோவன்" என்றாராம். இவர் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படம் திருத்தப் படித்துக்கொண்டு வந்து, அதே முதலாளியின் முன்னால் நின்றார். வேலை கிடைத்தது அப்படித்தான்.

அடுத்த மார்கழியில் என் அண்ணன் செத்துப்போனார். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். செத்தவீட்டில் நான் கடைசி வரிசையில் நின்றேன். கடையில் இருந்து அவரும் வந்து என் பக்கத்தில் நின்றார். சவப்பெட்டியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்ற விளக்குகளைப் பார்த்து, "ரோஸ் பல்ப்" என்று மெதுவாகச் சொன்னார். "செத்தவையின்ரை முகம் வெளிறாமல் இருக்க உதைப் போடுறவை. உயிரோடை இருக்கேக்கை எங்களிலை ஆர் ஒரு நல்ல லைற்றைப் பிடிச்சுப் பாக்கினம்?" எனக்கு அந்த இடத்திலேயே அவரை வெளியே போகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அழுகை வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அண்ணனின் மகன் கடைக்கு வந்தான். இங்கே பிறந்தவன், ஆறடி. கையில் ஒரு கடித உறை.

"சித்தப்பா, அம்மா உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவா. நேம் லிஸ்ற் அவவே எழுதினது. ஃபோட்டோவும் இருக்கு. அப்பான்ரை பெஸ்ட் ஸ்மைல் இதிலைதான். அந்த ஷடோவை மட்டும் ரிமூவ் பண்ணினால் ஓகே. இட்ஸ் லைக் சம் ரான்டம் பேர்சன்."

அவன் போன பிறகு பட்டியலை விரித்தேன். அண்ணியின் கையெழுத்து. சகோதரர் என்ற இடத்தில் முதல் பெயர் என்னுடையது. அதற்குப் பக்கத்தில் என் மனைவியின் பெயரும், ஒரு எழுத்துக் குறையாமல்.

பக்கத்து மேசையில் அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு கோடைப் பின்னேரம். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். புல்லில் இருந்து ஒரு நிழல் ஏறி அவர் சேர்ட்டில் நெஞ்சுவரை வந்து நிற்கிறது. ஒரு தலை, இரண்டு பக்கமும் தூக்கிய முழங்கைகள்.

"உது ஆர்?"

"நான்தான். நான்தான் படம் எடுத்தனான். அம்மா சாகிறதுக்கு முந்தின வருசம்."

அவர் முட்டையை எடுக்கவில்லை. ரோச்சையும் எடுக்கவில்லை. "சூரியன் உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிண்டிருக்கு. அதுதான் நீங்கள் அவரிலை விழுந்திருக்கிறியள்" என்றார். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினார். "பத்து நிமிச வேலை. எடுத்துத் தாறன். ஆனால் ஒண்டு யோசியுங்கோ. உதை எடுத்துப்போட்டால், அவர் ஆரைப் பாத்துச் சிரிக்கிறார்?"

அந்தப் பின்னேரம் எனக்கு நினைவு வந்தது. "அண்ணை, வண்டியை உள்ளுக்கை எடு" என்று அண்ணனின் வயிற்றைக் காட்டி நான் கத்தினேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. புல்லில் பாய் விரித்து எங்களுக்கெல்லாம் இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்தவர் அண்ணி. நான் சாப்பிட்டேன். அம்மா காரை விட்டு இறங்கவில்லை.

முழுப் பூசணிக்காயைப் பதினொரு வருடம் சோற்றில் மறைத்து வைத்திருந்தவன் அன்றைக்கு அந்த அறையில் அதை வெளியே எடுத்தேன். அம்மாவின் கல்வெட்டில் அண்ணியின் பெயர் தட்டச்சில் விடுபட்டது உண்மைதான். ஆனால் திருத்தும்போது நான் அதைக் கண்டேன். அண்ணன் எழுதித் தந்த தாளில் இருந்தது, நான் திருத்திய தாளில் இல்லை. பிறகு போடலாம் என்று தேத்தண்ணி குடிக்க எழும்பினேன். தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவை நினைத்தேன். திரும்பி வந்து அந்தப் பக்கத்தின் கீழே "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மண்டையோட்டைச் சுற்றித் தெரிந்த அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தபோது எப்படிப் பார்த்தாரோ, அப்படி என்னைப் பார்த்தார். பத்து நிமிடம் வேலை செய்தார். நிழல் இல்லாத படம் ஒன்று, நிழலோடு ஒன்று, இரண்டையும் அச்செடுத்து உறையில் போட்டு என் கையில் தந்தார்.

"இதைத் தெரிவு செய்யிற ஆள் நானும் இல்லை, நீங்களும் இல்லை" என்றார்.

மில்லிக்கனில் அண்ணன் வீட்டு வாசலில் அவர் தள்ளி முடிக்காத பனி ஒரு பக்கம் இறுகிக் கிடந்தது. அண்ணி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன்.

"அண்ணி, அம்மான்ரை கல்வெட்டிலை உங்கடை பேர் விடுபட்டது பிழையில்லை. நான் கண்டனான். கண்டும் விட்டனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "அவருக்கும் தெரியும். நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவர்."

உறையில் இருந்து இரண்டு படங்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். நிழல் இல்லாத படத்தில் அண்ணன் வெறும் வெளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்றதை எடுத்து யன்னல் பக்கமாகப் பிடித்தார்.

"உது நீங்கள்தானே?"

"ஓம்."

விரலால் அண்ணனின் முகத்தைத் தடவினார். விரல் சேர்ட்டுக்கு இறங்கி என் தலை நிழலில் வந்து நின்றது.

"இருக்கட்டும்" என்றார். "முகத்தை மூடேல்லைத்தானே."

கல்வெட்டு அந்தப் படத்தோடுதான் வந்தது. தம்பி புலம்பல் என்ற பக்கத்தில் நான் கவிதை எழுதவில்லை. பதினொரு வருடம் பேசாமல் இருந்ததையும், அது யாருடைய பிழை என்பதையும் நான்கு வரியில் உரைநடையாக எழுதினேன். படித்த சிலர் போன் எடுத்து, செத்தவீட்டுப் புத்தகத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடத்தில் கடையை மூடினார்கள். அவர் மகனோடு இருக்கக் கல்கரிப் பக்கம் போனார். பிறகு தொடர்பு இல்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எவ்வளவோ பேரின் முகத்தைப் பார்த்தவர், தன்னை எடுக்க ஒருவரையும் விட்டதில்லை. அந்த மூலை அறைக்கு நான் இப்போதும் போவதுண்டு. காவலுக்கு நிற்கிறவர்கள் மாறிவிட்டார்கள். வாங்கு இருக்கிறது.

அண்ணி படத்தைத் தெரிவுசெய்த மறுநாளே, கடையில், நடந்ததை அவரிடம் சொன்னேன். தேத்தண்ணி குடித்ததையும், "முகத்தை மூடேல்லைத்தானே" என்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மேசையில் போத்தல் மூடியில் நின்ற முட்டையை எடுத்துக் கோதை உடைத்தார். மெதுவாக உரித்தார். கத்தியால் இரண்டாக வெட்டி, மிளகுதூள் போட்டு, ஒரு பாதியை என் பக்கம் தள்ளிவைத்தார்.